சவ்வரிசி விழுந்த காலை

அன்ரி,

இன்று ஞாயிற்றுக்கிழமை. எழுந்ததும் ஃப்ரீசரிலிருந்து ஆட்டிறைச்சிப் பொட்டலத்தை எடுத்துத் தட்டில் வைத்தேன். அது இளகுவதற்குள் தேநீர் குடித்துவிடலாம் என்று வானொலியைப் போட்டேன். ஏழு மணிச் செய்தியின் கடைசியில், யாரும் காது கொடுக்காத அந்த இடத்தில், செம்மறி வளர்ப்பவர்களுக்கான எச்சரிக்கையை வாசித்தார்கள். குளிர்ந்த மழை, பலத்த தென்மேற்குக் காற்று, குட்டிகளை ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோய் விடுங்கள். நான் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து, பொட்டலத்தைத் திரும்ப ஃப்ரீசருக்குள் தள்ளினேன்.

கதவைச் சாத்திய பிறகுதான் சிரிப்பு வந்தது. அது உங்கள் சட்டம். ஆட்டுக்காரருக்கு அறிவிப்பு வந்த நாளில் ஆடு சமைக்கக் கூடாது. "அதுகள் அங்கை விறைச்சுக்கொண்டு நிக்க, நாங்கள் இஞ்சை குழம்பு வைக்கிறதோ?" என்று முதல் தடவை கேட்டீர்கள். அடுத்த மூச்சிலேயே, "பாவம்தான். ஆனா நல்ல செய்தி, என்ன பிள்ளை?" என்று கண்ணைச் சிமிட்டினீர்கள்.

கிரான்பர்னில் நம் தெருவில் வேறு யாருக்கும் அது நல்ல செய்தியாக இருந்ததில்லை. ஆடுகளுக்கு ஆபத்தான குளிர் என்றால் அண்டார்டிக் பக்கமிருந்து நல்ல காற்று ஏறி வருகிறது என்று பொருள். அப்படிப்பட்ட காற்றில்தான் நாம் இருவரும் எதிர்பார்த்தது வர முடியும். அன்றைக்கு நீங்கள் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சுவீர்கள். ஒரு சட்டி எனக்கு வேலிக்கு மேலால் வரும். அந்தக் கூழின் நண்டு வாசம்தான் எனக்கு மெல்பர்ன் குளிர்காலத்தின் வாசம்.

நான் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் சனிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். பின்முற்றத்தில் என் மழைமானியை ஒரு கட்டையில் திருகிக்கொண்டிருந்தேன். மழைநீர் வடிகால் வரைபடம் போடுகிற வேலை என்பதால் வைத்திருக்கிறேன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் அருப்புக்கோட்டையில் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே எனக்கு வானத்தைக் குறித்துவைக்கிற பழக்கம் உண்டு. அதை யாரிடமும் சொல்வதில்லை. அப்போது பலகை வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பியது. கவிழ்த்த பால் கிரேட்டில் ஏறி நிற்கிறீர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

"உமக்கும் இந்த விசர் இருக்கோ?"

விசர் என்றால் பைத்தியம் என்று அப்போது தெரியாமல் நான் விழித்தேன். நீங்கள் உங்கள் பக்கத்து வேலிக் கம்பத்தைக் காட்டினீர்கள். அங்கே என்னுடையதைப் போலவே ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அதன் கீழே ஒரு வெப்பமானி. நான்கு வருடங்களாக இந்த நாட்டில் எவரிடமும் பேசாத அளவுக்கு அன்று காலை உங்களிடம் பேசினேன்.

அதற்குப் பிறகு ஒன்பது மணி நமக்கு ஒரு பூசை நேரம் மாதிரி ஆனது. நீங்கள் முதியோர் இல்லத்துக் குசினியில் காலைச் சாப்பாட்டு வேலையை முடித்துவிட்டு ஓடிவருவீர்கள். நான் வீட்டிலிருந்து வேலை செய்கிற நாட்களில் கணினியை அப்படியே விட்டுவிட்டு வருவேன். "எவ்வளவு?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல். பத்தடி இடைவெளியில் இரண்டு மழைமானிகள். அவை ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை.

"உங்க எலுமிச்சை மரத்திலிருந்து சொட்டுது அன்ரி. அதான் கூட வருது."

"என்ரை மரத்தைச் சொல்லாதையும். உம்மடை பக்கத்து மேகம் கஞ்சன்."

குளிர்காலம் எப்படி இருக்கும் என்று மே மாதமே பந்தயம் தொடங்கிவிடும். நான் கடல் வெப்பநிலை வரைபடங்களைப் பார்த்துச் சொல்வேன். நீங்கள் கனடாவில், ரொறன்ரோவில் இருக்கிற உங்கள் தங்கையை வைத்துச் சொல்வீர்கள். அங்கே அவர் வெக்கை என்று எவ்வளவு புலம்புகிறாரோ அவ்வளவுக்கு இங்கே குளிரும் என்பது உங்கள் கணக்கு. அதில் அறிவியல் இல்லை என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். வருட முடிவில் பார்த்தால் நாம் இருவரும் ஒரே அளவுக்குத் தவறியிருப்போம்.

உங்களுக்கு வேண்டியது என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். உங்கள் வீட்டு முற்றத்தில், பெய்துகொண்டிருக்கும் நேரத்தில், பனி. வேறு ஒன்றும் இல்லை. டாண்டனாங் மலையில் விழுந்தது என்று சில வருடங்களில் செய்தி வரும். நமக்கு அதே நேரத்தில் வெறும் மழை. "நாற்பது நிமிஷம்தான் அன்ரி, கார்ல போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்று கூப்பிட்டேன். நீங்கள் கையை வீசி மறுத்துவிட்டீர்கள். "அது மிருகக்காட்சிச்சாலைக்குப் போய் யானை பாக்கிற மாதிரி. யானை வீட்டுக்கு வரவேணும், பிள்ளை."

உங்கள் குடும்பத்தில் எல்லோரும் யாழ்ப்பாணத்திலிருந்து பனி நாடுகளுக்குப் போனார்கள். நீங்கள் மட்டும் இங்கே வந்தீர்கள். தங்கை ஒவ்வொரு ஜனவரியும் பனிக்குள் புதைந்த தன் காரைப் படம் எடுத்து அனுப்புவார். நாற்பது பாகை வெயிலில் நின்றபடி நீங்கள் அதைப் பார்ப்பீர்கள். "அவள் சவளாலை அள்ளிக் கொட்டுறாள். எனக்கு ஒரு அகப்பை தந்தால் என்ன?" என்று ஒருநாள் கேட்டீர்கள். சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள்.

இனி அந்த ஆகஸ்ட் காலையைச் சொல்ல வேண்டும். போன வருடத்துக்கு முந்திய வருடம். முதல் நாளே ஆட்டு அறிவிப்பு வந்திருந்தது. ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் வானம் தெற்கே கரும்பச்சையாகியது. காற்று ஒரு நொடி நின்றது. பிறகு வெள்ளையாக விழத் தொடங்கியது. வேலிப் பலகையின் மேல், குளிருக்காக நீங்கள் பழைய போர்வை சுற்றி வைத்திருந்த கறிவேப்பிலைத் தொட்டியின் மேல், புல்லின் மேல். "பிள்ளை! ஓடி வாரும்! ஓடி வாரும்!" என்ற உங்கள் குரல் இன்னும் காதில் இருக்கிறது. வேலைச் சீருடையோடு, தலைமுடி வலையைக் கூடக் கழற்றாமல், இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு கிரேட்டின் மேல் நின்றீர்கள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. எல்லாம் உருகிய நீர்தான் என்று சொல்ல மாட்டேன்.

நான் என் கம்பளிச் சட்டையின் கையைப் பார்த்தேன். வெள்ளை மணிகள் அதில் விழுந்து துள்ளின. பனி துள்ளாது. பனி விழுந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். இது ஆலங்கட்டியும் அல்ல, பனியும் அல்ல, இரண்டுக்கும் நடுவில் மேகத்துக்குள் உருண்டு திரண்டு வருகிற மென்மையான உருண்டை. முதல் நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் அதற்குள் தங்கையைத் தொலைபேசியில் பிடித்துவிட்டீர்கள். அங்கே மாலை. ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது.

"என்னடி, இஞ்சை வேர்த்து ஒழுகுது. அங்கை ஸ்னோவோ?"

"ஓமடி ஓம்! என்ரை முத்தத்திலை! உனக்கு வெய்யில், எனக்கு ஸ்னோ! இண்டைக்குத்தான் கடவுள் கண் முழிச்சிருக்கிறார்!"

நான்கு நிமிடங்களில் நின்றுவிட்டது. நீங்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன எழுதப்போறீர்?" என்று கேட்டீர்கள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நோட்டை எடுத்து, உங்கள் கண் முன்னாலேயே, 'பனி' என்று எழுதினேன்.

அந்த ஒரு சொல்லை எழுதியதில் நான் பெருந்தன்மை காட்டியதாக அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு உங்கள் பக்கமிருந்து "எவ்வளவு?" வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. மழைமானிக் குழாயின் நீரைக் கொட்டுகிற சத்தம் கேட்டது, நீங்கள் அளந்துவிட்டுக் கொட்டுகிறீர்கள் என்று தெரிந்தது. நான் "அன்ரி, எனக்கு மூணு புள்ளி நாலு மில்லிமீட்டர்" என்று கூப்பிட்டேன். கதவு சாத்துகிற சத்தம்தான் பதிலாக வந்தது. மூன்றாம் நாள் நான் உங்கள் வாசலுக்கு வந்து மணியடித்தேன். நீங்கள் உள்ளே போய் ஃப்ரீசரைத் திறந்து ஒரு சில்வர் தம்ளரை எடுத்து என் முன்னால் வைத்தீர்கள். அந்தக் காலையில் கையில் ஏந்தியதை நீங்கள் பத்திரப்படுத்தியிருந்தது எனக்குத் தெரியாது. பக்கத்தில் நீங்கள் ஊசி கோக்கிற பூதக்கண்ணாடி.

"பாரும்."

பார்க்காமலே தெரியும். ஆனாலும் குனிந்து பார்த்தேன். உருண்டை உருண்டையாக, சவ்வரிசி போல.

"இது ஸ்னோவோ?"

"இல்ல அன்ரி."

"அண்டைக்கே தெரியுமோ உமக்கு?"

தலையாட்டினேன்.

"தங்கச்சிக்கு நேற்றே சொல்லிப்போட்டன், அது சவ்வரிசியடி எண்டு. அவள் அரை மணித்தியாலம் சிரிச்சவள். அது பரவாயில்லை." கதிரையை இழுத்து உட்கார்ந்தீர்கள். "எனக்குப் பொய் சொல்லுறதுக்குக் கனபேர் இருக்கினம், பிள்ளை. மகன் பேர்த் நகரத்திலை இருந்து எல்லாம் நல்லா இருக்கு எண்டுறான். டொக்டர் ஒண்டும் பயமில்லை எண்டுறார். மழைமானி வைச்சிருக்கிற ஆள் நீர் ஒருத்திதான்."

அதைவிடக் கடுமையாக நீங்கள் என்னிடம் பேசியதே இல்லை. குரலை உயர்த்தவும் இல்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் சந்தோஷத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, அளக்கத் தெரியாதவர்கள் கணக்கில் உங்களைச் சேர்த்துவிட்டேன். மறுநாள் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தச் சொல்லின் மேல் கோடு கிழித்தேன். அழித்துவிடாமல், அடியில் இருப்பது தெரிகிற மாதிரி. பக்கத்தில் 'சவ்வரிசி' என்று எழுதி, தேதி போட்டு, நோட்டை விரித்து வேலிக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். கை வலிக்கத் தொடங்கியது. பிறகு கிரேட் கிறீச்சிடுகிற சத்தம்.

நீங்கள் வாசித்தீர்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் வாசித்தீர்கள்.

"சரி. ஒன்பது மணியாகுது. எவ்வளவு?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு."

"எனக்கு ஒண்டு ஆறு. கஞ்ச மேகம்."

அன்று பின்னேரம் கூழ் வந்தது. அறிவிப்பே இல்லாத நாளில்.

நீங்கள் போனது இந்தப் பெப்ரவரியில். நெருப்பாய்க் கொதித்த ஒரு வாரம். மருத்துவமனையில் இரண்டே நாட்கள். நான் வந்தபோது மூச்சுக் கருவியை விலக்கிக்கொண்டு நீங்கள் கேட்டது, "காலமை ஆகக் குறைஞ்சது எவ்வளவு?" இருபத்தாறு பாகை என்றேன். "வெக்கக்கேடு" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, கண்ணை மூடியபடியே, "இந்த வருஷம் முத்தத்துக்கு வருமோ?" என்று கேட்டீர்கள். தாதி என்னைப் பார்த்தார். உங்கள் மகன் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று, சொல்லுங்கள் என்பதுபோலத் தலையசைத்தார். வரும் என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"தெரியாது அன்ரி. அவ்வளவு முன்னாடி யாராலயும் சொல்ல முடியாது. வாய்ப்பு ரொம்பக் குறைவு."

நீங்கள் சிரித்தீர்கள். என் விரலைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினீர்கள். "அது சரி" என்றீர்கள். அந்த இரண்டு சொற்களை நான் யாருக்கும் இதுவரை சொல்லவில்லை. உங்களுக்குத்தான் திருப்பி எழுதுகிறேன்.

இன்று ஒன்பது மணிக்குப் போனேன். உங்கள் வீட்டில் இப்போது ஒரு பஞ்சாபிக் குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. உங்கள் மழைமானியைக் கழற்ற வேண்டாம் என்று கேட்டபோது அந்தப் பெண் காரணம் கேட்கவில்லை. நான் வேலிக்கு மேலால் எட்டி அளப்பதற்கு வசதியாக எலுமிச்சைக் கிளை ஒன்றை ஒதுக்கிக் கட்டியும் விட்டார். அதனால் உங்கள் கணக்கு கொஞ்சம் குறையும் என்று எதிர்பார்த்தேன். குறையவில்லை. மரத்தைப் பற்றி நான் சொன்னதெல்லாம் தப்பு அன்ரி. இதையும் எழுதி வைத்துவிட்டேன்.

அளந்துகொண்டிருந்தபோதுதான் தெற்கே இருண்டது. காற்று நின்றது. வேலிப் பலகையில் முதல் வெள்ளை விழுந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது என்று சொன்னால் நீங்கள் கேலி செய்வீர்கள், ஆனால் அடித்தது. கம்பளிச் சட்டையின் கையை நீட்டினேன். ஒன்று விழுந்தது. துள்ளியது. இன்னொன்று. அதுவும் துள்ளியது. நடுவில் ஒன்றே ஒன்று, துள்ளாமல், கம்பளி இழையில் ஒட்டிக்கொண்டு நின்றது போல இருந்தது. குனிந்து பார்ப்பதற்குள் நீராகிவிட்டது. பார்த்தேன் என்று அதைச் சொல்ல முடியாது. ஆகவே எழுதவில்லை.

உள்ளே வந்து ரொறன்ரோவுக்குப் பேசினேன். மாதம் ஒரு தடவை பேசிக்கொள்கிறோம் இப்போது. "இஞ்சை வெக்கை தாங்கேலாது பிள்ளை" என்றுதான் உங்கள் தங்கை தொடங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஸ்னோவோ?" என்றார்.

"இல்ல அன்ரி, சவ்வரிசிதான்."

சிரித்தார். நிற்காமல் சிரித்தார். கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உண்மையைத்தானே சொல்லுறீர்? அவள் கேப்பாள்" என்றார்.

மதியத்துக்குப் பருப்பும் சோறும் வைத்தேன். உங்கள் கூழ் எனக்கு இன்னும் கைவரவில்லை. நண்டு போடுகிற பக்குவத்தைக் கேட்காமல் விட்டுவிட்டேன். நோட்டில் இன்றைய பக்கம் இப்படி இருக்கிறது.

ஒன்பது மணி. என் பக்கம் ஆறு புள்ளி எட்டு. உங்கள் பக்கம் ஏழு புள்ளி இரண்டு. சவ்வரிசி, மூன்று நிமிடம். பனி, இன்னும் இல்லை.