கூலித்தொழிலாளி மகள் என்று எழுதவில்லை

என்னங்க,

போன இடத்திலாவது வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? செய்தியை அனுப்பிவிட்டுத்தான் சோறு என்று அடம்பிடித்த ஆளாயிற்றே! உங்கள் நிருபர் வேலையோடு அந்த அடமும் இப்போது எனக்கு வந்துவிட்டது.

போன வாரம் பெரம்பலூரில் கல்லூரி மாணவிகளுக்கு டென்னிஸ் போட்டி நடந்தது. நம் ஊர்ச் செய்தி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், பரிசு வழங்கியவர், நன்றி கூறியவர் என்று நீளும். ஆடியவர்களுக்கு மிச்சம் இருந்தால் உண்டு. பேப்பரில் எனக்குக் கொடுத்த இடமோ உள்ளங்கை அகலம்.

ஜெயித்தவள் அரியலூர்ப் பெண் கவிப்பிரியா. முதல் செட் கைவிட்டுப் போய், இரண்டாவதிலும் பின்தங்கித்தான் இருந்தாள். எதிரில் ஆடியவள் வலையை நோக்கி ஓடி வரும்போதெல்லாம் இவள் பந்தை அவள் தலைக்கு மேலே தூக்கிப் போட ஆரம்பித்தாள் பாருங்கள், ஆட்டமே திரும்பிவிட்டது! குறிப்பெடுப்பதை விட்டுவிட்டுக் கைதட்டினேன்.

கவிப்பிரியாவின் அப்பா மாணிக்கம் சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்குகிறார். நான் பேட்டி எடுத்து முடித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அப்பா வேலைய மட்டும் போடாதீங்க. போன தடவ 'கூலித்தொழிலாளி மகள் சாதனை'ன்னு வந்துச்சு. காலேஜ்ல எல்லாரும் அய்யோ பாவம்னாங்க. எப்படி ஆடுனேன்னு ஒருத்தரும் கேக்கல."

அப்பா பக்கத்திலேயே நின்றார். எனக்குத்தான் சங்கடம். அவர் சிரித்துவிட்டார். "வேலைய வுட்டுடுங்கம்மா. எம் பேர போட்டுடுங்க. போன தடவ அதத்தான் வுட்டுட்டாங்க."

பத்திரிகை ஆபீஸிலிருந்து பக்கம் வடிவமைக்கும் தம்பி போன் செய்தான். "அக்கா, அப்பா கூலிக்காரர்னு முதல் வரில வச்சீங்கன்னா போட்டோவோட மேல போட்டுடலாம். இல்லன்னா மூலையிலதான்."

படம் வந்தால் யாராவது உதவ வருவார்கள். ராக்கெட்டுக்கும் ஷூவுக்கும் அந்த வீடு எங்கே போகும்? அவள் பேச்சைக் கேட்டு அவளுக்கே கெடுதல் செய்கிறேனா? உங்களைக் கேட்க முடியாத கோபத்தில் சுவரில் படமாக இருக்கும் உங்களை முறைத்தேன்.

நீங்கள் போன பிறகு ஒரு விழாவில் என்னை மேடையேற்றி, "கணவரை இழந்தும் மனம் தளராத சகோதரி" என்றார்கள். ஒரே கைதட்டல். எனக்கு எழுந்து வந்துவிடலாம் போல இருந்தது. நீங்களானால் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் என்ன சொல்வீர்கள்? "நான் எழுதுறதுல எது வேண்டாம்னு இவதான் வெட்டுவா. கெட்டிக்காரி." வெட்கத்தில் உங்கள் சட்டையைப் பிடித்து இழுப்பேன். அதற்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அந்தப் பேச்சை நம்பித்தான் இந்த வேலைக்கே வந்தேன்.

முன்னிலை வகித்தவர்களை வெட்டினேன். தூக்கிப் போட்ட பந்துகளை எழுதினேன். ஜெயித்ததும் தந்தை மாணிக்கத்திடம் ஓடினாள் என்று முடித்தேன்.

மூலையில்தான் வந்தது. படம் இல்லை. உதவிக்கும் இதுவரை யாரும் வரவில்லை. ஆனால் கவிப்பிரியா போன் செய்தாள்.

"அக்கா, காலேஜ்ல அந்தப் பந்த எப்படிப் போட்டன்னு கேட்டுத் தொளைக்கிறாளுங்க! அப்பா குடோன்ல ஒருத்தர் பாக்கி இல்லாம பேப்பர காட்டிட்டாரு."

அடுத்து அவள் திருச்சியில் ஆடுகிறாள். போகப்போகிறேன். தோற்றாலும் எப்படி ஆடித் தோற்றாள் என்று எழுதுவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் மனைவி,
மலர்க்கொடி,
நிருபர், பெரம்பலூர்.