செராமிக் திரவமும் என் ஆறு பக்கப் புகாரும்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
பத்தொன்பது வயதுக் கார் ஒன்றின் உரிமையாளர்,
இரண்டாம் தளம், பின்பக்க வீடு.

பெறுநர்
உரிம அலுவலர் அவர்கள்,
வாகனப் பழுதுபார்ப்பு நிலையங்கள் பிரிவு.

பொருள்: தெருமுனைப் பட்டறை மெக்கானிக் மீது நான் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுவதும், நிறுத்தி வைக்கப்பட்ட அவரது புகைச் சான்று அனுமதியைத் திருப்பித் தர வேண்டுவதும் தொடர்பாக.

பார்வை: சென்ற மாதம் நான் நேரில் அளித்த மனு (ஆறு பக்கம், வரைபடம் இரண்டு).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட மனுவை எழுதிய அதே ஆள்தான் இதையும் எழுதுகிறேன். அந்த மனுவில் "ஐயத்துக்கு இடமின்றி" என்ற தொடர் ஒன்பது இடங்களில் வருகிறது. முதல் வேலையாக அந்த ஒன்பதையும் அடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

1. பத்து மாதங்களுக்கு முன், ஒரு வணிக வளாகத்தின் வாசலில் விற்பனையாளர் ஒருவர், சுழலும் இரும்பு உருளை மீது சாதாரண எஞ்சின் எண்ணெயை விட்டு எடையை ஏற்றினார். உருளை முக்கி முனகி நின்றது. பிறகு செராமிக் திரவம் நாலு சொட்டு விட்டார். அதே எடையோடு உருளை சுழன்றுகொண்டே இருந்தது. இதிலுள்ள பீங்கான் துகள்கள் எஞ்சினுக்குள் இருக்கும் கீறல்களை அடைத்துவிடும், எரிபொருள் மிச்சமாகும், சத்தம் அடங்கும், எண்ணெயை அடிக்கடி மாற்றவே வேண்டாம் என்றார். முப்பத்தோரு ஆண்டுகள் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவன் நான். ஓர் அடி பிசகினால் ஊரைக் கூட்டுவேன். என் எஞ்சினுக்குள் இப்படி ஓர் உருளை இருக்கிறதா என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை; ஒரு குப்பி வாங்கிவந்தேன்.

2. பதினெட்டு ஆண்டுகளாக என் காரைக் கவனித்துவரும் மெக்கானிக், குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சார், நேரத்துக்கு எண்ணெய மாத்துங்க, அது போதும். நல்லா இருக்கிற வயித்துக்கு எதுக்கு சார் மருந்து?" பிழைப்பு போய்விடும் என்று பயப்படுகிறார் என நான் முடிவுகட்டினேன். அவரிடமே புது எண்ணெய் மாற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்து குப்பியை நானே கவிழ்த்தேன்.

3. லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுத்த கார் பதினான்கு கொடுத்தது. குறிப்பேட்டின் நகல் தங்களிடம் உள்ளது. நான் இணைக்காமல் விட்டது, குப்பியோடு வந்த துண்டுச் சீட்டு. புது எண்ணெய் மாற்றவும், காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யவும், டயர்களில் காற்று சரிபார்க்கவும், முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு அறுபதைத் தாண்டாமல் ஓட்டவும் என்று அதில் போட்டிருந்தது. அத்தனையும் சிரத்தையாகச் செய்தேன். குப்பியைத் திறக்காமல் பின் இருக்கையில் உட்கார வைத்திருந்தாலும் கார் பதினான்கு கொடுத்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

4. சத்தமும் அடங்கியது. எஞ்சினிலிருந்து எப்போதும் வரும் டிக்டிக் ஓசை அறவே இல்லை. எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் இதைச் சொன்னேன். மைத்துனரில் தொடங்கி, கீழ்வீட்டுப் பல் மருத்துவர் வரை பதினோரு பேரை அந்தக் குப்பியை வாங்க வைத்தேன். "அதுல ரெண்டு சொட்டு உங்க வாயிலயும் விட்டுக்கோங்க, வீட்டுல சத்தம் குறையட்டும்" என்றார் என் மனைவி. மூன்று வாரமாகக் காரில் ஏதோ தட்டுகிறது என்று சொன்னவரும் அவர்தான். உனக்குத்தான் காதில் கோளாறு என்றேன்.

5. கார் நடுத்தெருவில் நின்றது. கயிறு கட்டி இழுத்துப்போய்த் திறந்தால், எட்டு மாதமாக மாற்றாத எண்ணெய் தார்போல அப்பிக்கிடந்தது. உள்ளே எல்லாம் தேய்ந்திருந்தன. அதற்கு ஒரு மாதம் முன்பு நான் டயர் மாற்றப் போனபோதே, "சத்தம் வருது சார், உடனே திறந்து பாக்கணும்" என்று மெக்கானிக் எச்சரித்திருந்தார். காசு பிடுங்கப் பார்க்கிறார் என்று வந்துவிட்டேன். இப்போது பட்டறையில் ஏழெட்டு வாடிக்கையாளர்கள் நிற்க, பொறாமையில் இவர்தான் என் எஞ்சினைக் கெடுத்தார் என்று கத்தினேன். மறுநாளே ஆறு பக்கம் எழுதினேன். பாதி வண்டிகளை அங்கே வரவைத்த அவருடைய புகைச் சான்று அனுமதியைத் தாங்கள் நிறுத்தினீர்கள். ஐந்து வாரமாக அந்தப் பட்டறை முற்றம் வெறிச்சோடிக் கிடக்கிறது. வேலைக்கு இருந்த இருவரில் ஒருவரை அனுப்பிவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை இறுதி விசாரணையில் அனுமதி ரத்தானால், கடையை மூடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

6. இந்தச் செவ்வாய்க்கிழமை தங்கள் ஆய்வாளர் என் வீட்டுக்கு வந்தார். டயர் மாற்றிய அன்று மெக்கானிக் கைப்பேசியில் பதிவுசெய்து வைத்த எஞ்சின் ஓசையை என் சாப்பாட்டு மேசை மீது வைத்துப் போட்டார். நான் கைகட்டிக் காத்திருந்தேன். பொறுத்துப் பார்த்துவிட்டு, "போடுங்களேன் சார், எவ்வளவு நேரம்?" என்றேன். ஆய்வாளர் என் மனைவியைப் பார்த்தார். மனைவி மேசையைப் பார்த்தபடியே, "ஓடிட்டுதாங்க இருக்கு" என்றார்.

7. செவி மருத்துவரின் அறிக்கையை இணைத்துள்ளேன். டிக்டிக் போன்ற உயர் சுருதி ஒலிகள் ஓராண்டுக்கும் மேலாக என் காதில் விழவில்லையாம். எஞ்சின் அதுபாட்டுக்குக் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஆகையால், செராமிக் திரவம் நல்லதா கெட்டதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் அதைச் சோதிக்கவே இல்லை. ஒரே மாதிரியான இரு வண்டிகளை எடுத்து, ஒன்றில் ஊற்றி மற்றதில் ஊற்றாமல், எதில் ஊற்றியது என்று ஓட்டுநருக்கும் சொல்லாமல் தங்கள் துறை சோதித்துப் பார்க்கலாம். அந்த ஓட்டுநர் வேலைக்கு என்னைக் கூப்பிட வேண்டாம்.

8. அன்று மாலை என் மனைவி இன்னொன்றையும் சொன்னார். போன வருடமே மெக்கானிக் அவரைத் தனியாகப் பார்த்து, "சாருக்குக் காது கொஞ்சம் மந்தமா இருக்கும்மா, பக்குவமா சொல்லி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாராம். என் கோபத்துக்குப் பயந்து மனைவி சொல்லவில்லை. நான் பட்டறைக்குப் போனால் மெக்கானிக் கைவேலையை விட்டுவிட்டு, என் முகத்துக்கு நேரே வந்து நின்று பேசுவார். அதை எனக்குத் தரும் மரியாதை என்று நினைத்துப் பூரித்திருந்தேன்.

9. அவருடைய வாக்குமூலத்தின் நகலை ஆய்வாளர் எனக்குக் கொடுத்தார். இவ்வளவு சத்தம் உரிமையாளருக்குக் கேட்கவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். "அவர் கவனிச்சிருக்க மாட்டார்" என்று மட்டும் பதில் சொல்லியிருக்கிறார். என் காது சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் ஆறு பக்கமும் அன்றே குப்பைக்குப் போயிருக்கும். கடை கைவிட்டுப் போகிற நேரத்திலும் அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. இதைப் படித்த மறுநாளே செவி மருத்துவரிடம் போனேன் ஐயா.

ஆகவே அவர் சொல்லாததை நானே எழுதித் தருகிறேன். எனக்குக் காது சரியாகக் கேட்காது. எஞ்சினைக் கெடுத்தது நான். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. இதைப் பதிவுசெய்துகொண்டு, வெள்ளிக்கிழமை வரை காத்திராமல், அவருடைய அனுமதியை இன்றே திருப்பித் தரும்படி தலைதாழ்த்திக் கேட்டுக்கொள்கிறேன்.

இம்முறை உண்மையுடன்,
(ஒப்பம்)
ஓய்வுபெற்ற நில அளவையாளர்

இடம்: வீடு
நாள்: சனிக்கிழமை, விசாரணைக்கு ஆறு நாள் முன்
இணைப்பு: செவிப் பரிசோதனை அறிக்கை, ஒரு பக்கம்