ரோஸ் கலர் தண்ணி

காலையில நேசரிப் புள்ளைகள்ட அலுமாரியத் தொறந்தன். பெஸ்டல் மணம் மூஞ்சில அடிச்சிச்சு, நீ ஞாபகம் வந்தாய். கடிதம் எழுதுற ஆள் நான் இல்ல, உனக்குத் தெரியும்தானே. ஆனா நேத்து நடந்தத உன்னிட்ட சொல்லாம இரிக்க ஏலாது.

ஏஎல் படிப்பப் பாதில விட்டுட்டு சும்மா சுத்தித் திரிஞ்ச என்ன நீதான் இந்த நேசரிக்கு இழுத்துட்டு வந்தாய். "ஒண்டாப் படிச்சம், ஒண்டாப் படிப்பிப்பம், வாடி" எண்டாய். மூணாம் நாளே பிழ விட்டன். கலர் பாடம், புள்ளைகளுக்குத் தண்ணிப் படம் கீறச் சொன்னம். சுமையா ரோஸ் பெஸ்டலால தீட்டிக்கொண்டிருந்தாள். கையில இருந்து புடுங்கி நீலத்தத் திணிச்சன். நீயும் சிரிச்சாய், இல்லயெண்டு சொல்லாத. அவள்ட கண்ணால ஊத்திச்சு.

அடுத்த நாள் அவள்ட உம்மா கேற்றடியில. உப்பளத்துல வேல, கால் முழுக்க உப்புப் பூத்திருந்திச்சு. "ரெண்டு டீச்சர்மாரும் உப்புத் திங்கிறதில்லயா? வாங்க காட்டுறன்."

உப்பளத்துட கடைசிப் பாத்தியில தண்ணி அப்பிடியே ரோஸ். "இந்த நெறம் வந்தாத்தான் உப்பு எறங்கும்" எண்டா. புத்தளத்துலயே பொறந்த நாம ரெண்டு பேரும் ஆளையாள் பாத்தம்.

"நாளைக்கு புள்ளைகளுக்கு முன்னால மாப்புக் கேப்பம்" எண்டாய்.

"வெக்கமா இரிக்குடி."

"அவளுக்கு நேத்து இருந்தத விடவா?"

கேட்டம். அதுக்குப் பொறகு உன்ட கலர் பாடமே மாறிச்சு. ஒவ்வொரு புள்ளையும் வீட்டுக்குப் பக்கத்துத் தண்ணியப் பாத்துட்டு வந்து தீட்டணும். சுவர் முழுக்க மண் கலர், பாசிப் பச்ச, விடியக்காலக் களப்புத் தண்ணிட வெள்ளி.

பொறகு காய்ச்சல் எண்டு படுத்தாய். பத்து நாளுல மவுத்து.

உன்ன அடக்கினதுக்குப் பொறகு புள்ளைகள்ட வாப்பா உம்மாமார் கூட்டம் போட்டாங்க. "ஏஎல்லயே முடிக்காதவள்ட கையிலயா புள்ளைகள விடுற?" எண்டு ஒரு வாப்பா, நான் முன்னால இருக்கேக்கயே. நேசரிகளச் சோதிக்கிற மேடம் வந்து ஒரு பாடம் பாக்கட்டும், அவ சரியில்லயெண்டு சொன்னா நான் போகணும் எண்டு முடிவாச்சு.

நேத்து வந்தா. முன்வரிசைப் புள்ளயிட்ட கேட்டா, "தண்ணி என்ன கலர் மகள்?"

"எந்தத் தண்ணி மேடம்?"

மேடம் என்னப் பாத்தா. அதுக்குள்ள மத்ததுகள் தொடங்கிட்டுகள்: எங்கட கிணறு பச்ச, இறால் குளம் மண், மழைக்குப் பொறகு ரோட்டுத் தண்ணி தேத்தண்ணிக் கலர். இந்த வருஷம் சேந்த சுமையாட தங்கச்சி எழும்பி நிண்டு, "உப்புக்கு ரோஸ்" எண்டாள்.

"யார் சொல்லித் தந்த?"

"நாங்க போய்ப் பாத்த."

மேடம் பேனைய மூடினா. வெளிய நிண்ட வாப்பாமாரிட்ட, "இவவே இருக்கட்டும்" எண்டா. வகுப்பு இப்ப என்னிட்ட. எனக்குப் பெருமதான்டி, மறைக்க மாட்டன்.

இண்டைக்கு ஒருத்தன் ஆட்டுக்கு ஊதாக் கலர் தீட்டினான். பெஸ்டலப் புடுங்க என்ட கை பறந்திச்சு. பிடிச்சு வச்சுக்கொண்டு கேட்டன், "எங்க கண்டாய் மகன்?"

"காணல்ல டீச்சர். ஆசைக்கு."

பக்கத்துல குந்திக்கொண்டு, அவன் வால் வரைக்கும் தீட்டி முடிக்கிறமட்டும் பாத்துக்கொண்டிருந்தன்.