இடைவேளைப் பேய்

1959 ஜனவரி 27

என் ஊன்றுதடியின் அடியிலிருந்த றப்பர் இன்றோடு தேய்ந்து போய்விட்டது. இனி வெறும் கட்டைதான். தியேட்டரின் சீமெந்துத் தரையில் நான் டொக், டொக் என்று வருவது துறைமுகம் வரை கேட்கும். பகலில் ரிக்கற் ஜன்னல், விளக்கு அணைந்ததும் பிந்தி வரும் பெண்களுக்கு ரோச் அடித்து இடம் காட்டுவது – இரண்டும் என் வேலை. வழுக்குகிறது, ஒரு றப்பர் வாங்கித் தாருங்கள் என்று சிவகுருநாதன் முதலாளியிடம் கேட்டேன். "பாப்பம் பிள்ளை" என்றார். கிடைத்த மாதிரித்தான்.

பெப்ரவரி 2

வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கப்பலேறிய பிறகு இங்கிலீஷ் படங்களைக் கதிரைகள்தான் பார்க்கின்றன. அதனால் முதலாளி கொழும்பிலிருந்து ஒரு பேய்ப்படம் எடுப்பித்திருக்கிறார். இன்று எங்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்.

கடலோர மாளிகையில் ஒரு டாக்டர். விருந்துக்கு வருகிறவர்களுக்கு ஊசி போட்டே கொல்கிறார். நல்ல உடுப்பு, நேரான முதுகு, நேரான நடை. அவருடைய வேலைக்காரன் காலை இழுத்து இழுத்துத் தடியோடு நடக்கிறான். அவன் செய்கிற கொடுமைகள்: கதவு திறக்கிறான், விளக்குக்கு எண்ணெய் விடுகிறான், தேத்தண்ணீர் கொண்டு வருகிறான். டாக்டர் கொலை செய்யும்போது மெல்லிய வயலின். இவன் படியேறினால் இடி, மின்னல்! கடைசியில் இவனைத்தான் மாடியிலிருந்து தள்ளிவிடுகிறார்கள்.

அவன் காலுக்கு என்ன நடந்தது என்று படத்தில் ஒருவரும் கேட்கவில்லை. என் கால் சின்ன வயதில் ஒரு காய்ச்சலில் போனது. இடி இடித்ததாக ஞாபகம் இல்லை. அம்மா அழுதா, அவ்வளவுதான்.

பெப்ரவரி 4

முதலாளிக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. இடைவேளை முடிந்து விளக்கை அணைத்ததும் நான் கறுப்புப் போர்வை போர்த்துக்கொண்டு பின்னாலிருந்து திரைவரை நடக்க வேண்டுமாம்.

"உமக்கு வேசம் ஒண்டும் தேவையில்லைப் பிள்ளை. கடவுள் தந்தது இருக்குத்தானே."

என்ன பக்தி! ஏலாது என்றேன்.

"அப்ப ஜன்னலுக்கு வேற பிள்ளை ஒண்டைப் பாப்பம்."

றப்பரைப் போலல்ல, இதை உண்மையாகவே பார்ப்பார். அப்பா இல்லாத வீட்டில் அடுப்பெரிவது என் சம்பளத்தில். ஓம் என்றேன். றப்பரை நினைவூட்டியதும் பதறிப்போனார். "ஐயோ, அந்தச் சத்தம்தானே வேணும்!"

பெப்ரவரி 6, வெள்ளி

நடந்தேன். பின்னேரக் காட்சி, ஆண்கள்தான் அதிகம். டொக், டொக். கலரி முழுக்க ஒரே அலறல். ஒருவர் கதிரைமேல் ஏறி நின்றார். முதலாளி மகிழ்ந்து போய்த் தன் கையால் எனக்குத் தேத்தண்ணீர் தந்தார். நான் என்ன செய்தனான்? நடந்தனான். ஒவ்வொரு நாளும் நடக்கிற மாதிரித்தானே நடந்தனான் – அதுக்கா கத்தினவங்கள்?

பெப்ரவரி 7

மீன் சந்தையில் குலசிங்கம் அண்ணன் என்னைக் கண்டதும் "பேய் வருது!" என்று காலை இழுத்து நடந்து காட்டினார். கிழமை தவறாமல் என்னிடம் ரிக்கற் வாங்குகிற மனுசன். கால் இழுப்பது அவருக்கு என்னைவிட நன்றாக வருகிறது. முதலாளியிடம் சிபாரிசு செய்யலாம்.

மீன் வாங்காமலே வந்துவிட்டேன்.

பெப்ரவரி 8, ஞாயிறு

இன்று மத்தியானக் காட்சி, பெண்கள் கூட்டம். சல்லிக் கிராமத்திலிருந்து வண்டி கட்டி வருகிறவர்கள் வழக்கம் போலப் பிந்தித்தான் வந்தார்கள்.

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்தது. போர்வையோடு புறப்பட்டேன். டொக், டொக். ஆண்கள் பக்கம் கத்தத் தொடங்கியது. பெண்கள் பக்கத்தை மறைக்கும் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சல்லி யோகம்மா அக்காவின் குரல்:

"ஆர், ராணியே? பிள்ளை, உந்த ரோச்சை ஒருக்கா இஞ்சால அடி. என்ர ஒரு செருப்பைக் காணேல்ல."

பேய் என்ன செய்யும்? போர்வையை விலக்கி ரோச் அடித்தேன். செருப்பு முன் கதிரைக்குக் கீழே கிடந்தது.

கலரி வெடித்துச் சிரித்தது. பிறகு திரையில் வேலைக்காரன் இடி மின்னலோடு படியேறும்போதெல்லாம் "செருப்புத் தேடி வாறான்!" என்று சத்தம். கடைசியில் அவன் விழுந்தபோது யோகம்மா அக்கா உரக்கக் கேட்டா: "தேத்தண்ணி குடுத்தவனைத் தள்ளிப்போட்டு, ஊசி போட்டவனை ஏனடி விட்டவங்கள்?"

இருட்டில் நின்று சிரித்தேன். அழுதேன். இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

பெப்ரவரி 9

முதலாளி: "பேய்ப்படத்தைச் சிரிப்புப் படமாக்கிப் போட்டீர். இனி வர வேண்டாம்."

பெப்ரவரி 12

வீட்டில். அம்மா கஞ்சியில் தண்ணீரைக் கூட்டுகிறா. அதுதான் தாங்க ஏலாமல் இருக்கு.

பெப்ரவரி 15, ஞாயிறு

மத்தியானம் எங்கள் வீட்டுப் படலையில் முதலாளி! அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"புஸ்பராணி, கெதியா வாரும். பொம்பிளையள் ரிக்கற் எடுக்காமல் வாசலில நிக்கினம். புதுப்பிள்ளை ரோச்சை முகத்துக்கு அடிக்கிறாளாம். இருட்டுக்குள்ள ஆர் வாறதெண்டே தெரியேல்லையாம். நீர் வராட்டி வண்டியைத் திருப்புவினமாம்."

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு புது றப்பரை எடுத்து நீட்டினார். "இனிச் சத்தம் வேண்டாம், என்ன?"

நான் பேயாக நடந்த வெள்ளிக்கிழமை அவருக்குச் சங்கீதமாக இருந்தது இன்று சத்தமாகிவிட்டது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பெப்ரவரி 22, ஞாயிறு

றப்பர் நல்ல றப்பர். தெருவில் வழுக்குவதே இல்லை. தியேட்டர் வாசலில் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முதலாளி பார்த்தார். காசு எண்ணப் போய்விட்டார்.

விளக்கு அணைந்தது. டொக், டொக். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், சத்தம் கேட்டதுமே, பிந்தி வந்தவர்களுக்காக எல்லோரும் கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டார்கள்.