நீல டப்பாவில் இருந்தது

அண்ணன் வீடு, மாடி அறை
ஜூன் 4

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பதாக அண்ணி சொன்னாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் இப்போது கண் பரிசோதிப்பதும் நீதானாமே. ஒரே ஊரில், நாலு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்துகொண்டு இந்த மனுஷன் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்காதே. போனை எடுத்தால் மூன்றாவது நிமிடம் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் சண்டை போட எனக்குச் சோம்பல்.

வெளிநாட்டிலிருந்து லீவில் வந்து இரண்டு நாள் ஆகிறது. உடம்பு மட்டும்தான் வந்திருக்கிறது, தூக்கம் இன்னும் அங்கேயே இருக்கிறது. பகல் முழுக்க கண்ணைத் திறந்தபடி மிதந்துகொண்டிருக்கிறேன். நேற்று மத்தியானம் அண்ணி சோற்றைப் போட்டுவிட்டு ஏதோ கேட்டாளாம். "அதெல்லாம் மூணாவது வரிசையில இறக்கிட்டேன்" என்று நான் பதில் சொன்னேனாம். நான் வேலை பார்க்கும் கிடங்கு என்னை இன்னும் விடவில்லை.

அந்தக் குளிர்பதனக் கிடங்கில் எட்டு மணி நேரம் மீன் பெட்டிகளை ஏற்றி இறக்கிவிட்டு வெளியே வரும்போது, விரல் யாருடையதோ போல இருக்கும். அப்போது ஒன்றே ஒன்றுதான் நினைவுக்கு வரும். சாயங்காலம் நாலு மணிக்கு நீ கலக்கித் தரும் மால்ட். அங்கே கடைகளில் ஒரு சுவர் நிறைய டப்பாக்கள் அடுக்கியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். எதுவும் அது இல்லை.

இருபத்திரண்டாம் தேதி எனக்கு விமானம். நீ பாக்கெட்டாக வாங்கி வந்து அந்த நீல டப்பாவில் கொட்டி வைப்பாயே, அதை எந்தக் கடையில் வாங்கினாய்? ஆறு பாக்கெட் கிடைத்தால் ஒரு வருடம் ஓட்டிவிடுவேன். வேறொன்றும் இல்லை.

இப்படிக்கு,
நான்

*

கண்ணாடிக் கடை மாடி
ஜூன் 7

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்து இன்னும் திருந்தவில்லை. கடையில் வைத்திருக்கும் பெரிய எழுத்துப் பலகையை உங்களுக்குக் கொடுத்தனுப்பலாம் என்று தோன்றியது.

நான் சௌக்கியம். கடைக்கு மேலேயே ஓர் அறை. ஜன்னலுக்கு எதிரே ஒரு வெள்ளைச் சுவர். மத்தியானத்தில் அந்தச் சுவரில் வெயில் பட்டு அறை முழுக்கப் பால் நிறமாகிவிடும். அந்த நேரத்தில் யாரும் கடைக்கு வருவதில்லை. நான் மேலே வந்து, பழைய லென்ஸ் ஒன்றைக் கண்ணில் வைத்து, எல்லாவற்றையும் கலங்கலாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முழுசாகத் தெரிவதைவிட அது நன்றாகத்தான் இருக்கிறது. ஊருக்கெல்லாம் கண் தெரிய வைத்துவிட்டு நான் செய்கிற காரியம் இது.

எந்தக் கடை என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டென்று சொல்ல வரவில்லை. தேடிப் பாருங்கள், கிடைக்கவில்லை என்றால் எழுதுங்கள்.

"வேறொன்றும் இல்லை" என்று முடித்திருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்குச் சொன்னீர்கள். கேட்கவில்லை, சொன்னீர்கள். அதற்குப் பிறகு எழுதும் முதல் கடிதத்தில் மால்ட் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். பரவாயில்லை, அதையாவது கேட்டீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி (இன்னும்)

*

அண்ணன் வீடு, மாடி அறை
ஜூன் 12

அன்புள்ள கோபக்காரிக்கு,

நாலு நாளாகத் தேடினேன். தேடினேன் என்பதைவிட நடந்தேன் என்று சொல்லலாம். காலையில் கிளம்பினால் ஒரு தெரு இன்னொரு தெருவுக்குள் கொண்டுபோய் விடுகிறது. எங்கே போகிறேன் என்று தெரியாமலே போய்க்கொண்டிருந்தேன். மளிகைக்கடை, மருந்துக்கடை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மொத்தக் கடை. எல்லா இடத்திலும் "நீல டப்பா" என்று சொன்னதும் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. "அட, அதுவா" என்கிறார்கள். சின்ன வயதில் குடித்த கதையைச் சொல்கிறார்கள். ஒருத்தர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். ஆனால் யாரிடமும் இல்லை.

கடைசியாக மொத்தக் கடைக்காரர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "அந்தக் கம்பெனிய மூடி பத்து வருஷம் ஆச்சே சார்."

"இல்லீங்க, மூணு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் நான் தினமும் குடிச்சேன்."

"அப்போ வேற எதையோ குடிச்சிருப்பீங்க."

"என் நாக்கு எனக்குத் தெரியாதா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். வெயிலில் மண்டை குழம்பியவன் என்று நினைத்துவிட்டார் போல. குடித்தேன்.

திரும்பி வரும்போது கால் தானாகவே உன் கடைப் பக்கம் திரும்பிவிட்டது. எதிர் வரிசையில் நின்று பார்த்தேன். நீ ஒரு பெரியவருக்கு லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாய். ஒவ்வொன்றுக்கும் "இப்போ எப்படி இருக்கு?" என்று நீ கேட்பது வாயசைவிலேயே தெரிந்தது. எத்தனை பொறுமை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரவேண்டும் என்றுதான் இருந்தது. வந்து என்ன சொல்வது என்று தெரியாமல் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

கடைக்காரர் சொன்னது பொய்தானே? பொய் இல்லை என்றால், நான் என்னதான் குடித்தேன்?

இப்படிக்கு,
குழம்பிப்போன நான்

*

கண்ணாடிக் கடை மாடி
ஜூன் 15

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் எதிரே நின்றதை நானும் பார்த்தேன். பஸ் நிற்காத இடத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நின்றீர்கள். அந்தப் பெரியவருக்கு ஒரே லென்ஸை மூன்று தடவை போட்டேன். பாவம், மூன்று தடவையும் "இது கொஞ்சம் தேவலை" என்றார்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள். நமக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதே மாதம்தான் நீங்கள் வேலை பார்த்த ஆலையையும் மூடினார்கள். நினைவிருக்கிறதா? பகல் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். நாலு மணிக்கு அந்த டம்ளரைக் கையில் வாங்கும்போது மட்டும் தோள் கொஞ்சம் இறங்கும். அப்படிப்பட்ட ஆளிடம் போய், இதுவும் இனி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் நானே செய்தேன். முதல் இரண்டு தடவை வாயில் வைக்க முடியவில்லை. மூன்றாவது தடவை வறுக்கும்போது அசந்துவிட்டேன், ஒரு கைப்பிடி தீய்ந்துவிட்டது. தூக்கிப் போட மனசில்லாமல் அதையும் சேர்த்து அரைத்தேன். அச்சு அசல் கம்பெனி ருசி. பாக்கெட்டில் வாங்கிக் கொட்டியதாகச் சொன்னேன். நீங்கள் ஒருநாளும் கடைக்குப் போனவர் இல்லை, அதனால் பிழைத்தேன். ஈரத்துணியில் பார்லி முளைகட்டிக் கிடந்ததை ஒருமுறை பார்த்துவிட்டு என்ன என்று கேட்டீர்கள். தலைக்குத் தேய்க்க என்றேன். நம்பினீர்கள்.

ஒருமுறை சர்க்கரை அதிகம் என்று கம்பெனிக்குப் புகார் எழுதி, தபாலில் போடச் சொல்லி என்னிடமே கொடுத்தீர்கள். அடுப்படியில் நின்று படித்தேன். "தங்கள் பொறுப்பற்ற போக்கு" என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அடுத்த தடவை இரண்டு ஸ்பூன் குறைத்தேன். "பாத்தியா, மானமுள்ள கம்பெனி" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். அன்றைக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வருடம் போகப் போகக் கோபம் வந்தது. ஏழு வருடம் கம்பெனியைப் பாராட்டினீர்கள். கலக்கித் தந்தவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் சொல்லாதது என் தப்பு. ஆனால் கோபம் கோபம்தான்.

செய்முறை இதோ. பார்லியை ஓர் இரவு ஊறவைத்து ஈரத்துணியில் கட்டுங்கள். வெள்ளையாக முளை எட்டிப் பார்த்ததும் நிழலில் உலர்த்துங்கள். தணிந்த தீயில் வறுங்கள், பிஸ்கட் வாசம் வர வேண்டும். ஒரு கைப்பிடியை மட்டும் தனியாக எடுத்துத் தீய விடுங்கள். எல்லாவற்றையும் அரைத்து இரண்டு தடவை சலியுங்கள். ஒரு டம்ளர் தூளுக்கு அரை டம்ளர் பால்பவுடர், மூன்று ஸ்பூன் சர்க்கரை, ஒரு ஸ்பூன் கோகோ, ஒரு சிட்டிகை உப்பு.

எதையும் மறைக்கவில்லை. இனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்களே செய்துகொள்ளலாம், என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்காகத்தான் இவ்வளவு சுத்தமாக அளவு எழுதியிருக்கிறேன். பயணம் நல்லபடியாக அமையட்டும்.

இப்படிக்கு,
கம்பெனி

*

கிடங்குத் தொழிலாளர் குடியிருப்பு
ஜூலை 9

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதம் கிடைத்த பிறகும் ஐந்து நாள் அங்கேதான் இருந்தேன். வந்திருக்கலாம். வெட்கமாக இருந்தது. தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு மாடிப்படி வரை வந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். "எங்கேயோ போறதும் வர்றதுமா இருக்கியே, எங்கேதான் போறே?" என்று அண்ணி கேட்டாள். பக்கத்தில்தான் என்றேன்.

இங்கே இப்போது பனிமூட்டம். வேலை முடிந்து வரும்போது எதிரே வருகிறவர்கள் பாதிதான் தெரிகிறார்கள், தோள் வரை வந்து தலை கரைந்துவிடுகிறது. இது கனவா நினைவா என்று சில நேரம் பிடிபடவில்லை. பார்லியை ஜன்னலோரம் வைத்தேன். மூன்றாவது நாள் துணியைப் பிரித்தபோது எல்லாம் முளைத்திருந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். வறுத்தேன். கைப்பிடி அளவு தீய விட்டேன். பக்கத்து அறைக்காரன் தீ பிடித்துவிட்டதோ என்று ஓடிவந்தான்.

நாலு மணிக்குக் கலக்கினேன். முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. அதே ருசி, அதே வாசம், ஒரு குறையும் இல்லை. வராது என்று நம்பியிருந்தேன். வராவிட்டால் "எதையோ விட்டுவிட்டாய்" என்று உனக்கு எழுதலாம், நீ பதில் எழுதுவாய், இப்படியே கொஞ்ச நாள் போகும் என்று கணக்குப் போட்டிருந்தேன். நீ ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஏழு வருடம் எனக்குக் கலக்கித் தந்தாய். நீ ஒரு வாய் குடித்து நான் பார்த்ததாக நினைவே இல்லை. உனக்கு இது பிடிக்குமா? பிடிக்காது என்றால் உனக்கு என்னதான் பிடிக்கும்? கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துக் கேட்கிறேன். திட்டினாலும் பதில் எழுது.

இன்னொன்று. ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. மேலும் நீட்டுகிறாயா என்று மேலாளர் பேனாவை நீட்டினார். வீட்டில் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்றேன். "உனக்கு வீடு இருக்கிறதா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நீதான் சொல்ல வேண்டும். டிசம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். வரலாமா?

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் நான்

*

கண்ணாடிக் கடை மாடி
ஜூலை 21

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கடைக்கே வந்தது. பரிசோதனைக்கு வந்தவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, நின்றபடியே படித்தேன். "ரெண்டாவது வரி தெரியலையேம்மா" என்றார் அவர். எனக்கும்தான் தெரியவில்லை என்றேன். நல்ல மனுஷர், கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்.

மேலாளருக்கு இப்போதே எதுவும் சொல்ல வேண்டாம். நீங்கள் வந்ததும் நேரிலேயே பேசலாம். மூன்றாவது நிமிடம் சண்டை வந்தால் வரட்டும், நாலாவது நிமிடமும் பேசிப் பார்ப்போம்.

கேட்டதற்குப் பதில். மால்ட் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அந்த வறுத்த வாடையே எனக்கு ஆகாது. ருசி பார்க்கக்கூட எதிர்வீட்டு அக்காவைத்தான் கூப்பிடுவேன்.

எனக்குப் பிடித்தது கடுங்காப்பி. பால் கூடாது. சர்க்கரை அரை ஸ்பூன். ஆறிப்போனால் தொடமாட்டேன். டிசம்பருக்குள் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். காலையில் கண் விழித்ததும் எனக்கு அது வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணாடிக்காரி