இரண்டு பேர் கேட்கிற டப்பா

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு ஒரு சண்டை போட்டு, சௌக்கியமாக இருக்கிறோம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன், நம்பித்தானே ஆகவேண்டும், எட்டிப் பார்க்கிற தூரமா அது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை மேல் வைத்துவிடுகிறாள், அப்புறம் நீ என்ன சாப்பிட்டாய், ஏன் இளைத்துவிட்டாய் என்பதைத் தாண்டி என் பங்குக்கு ஒரு வார்த்தை மிஞ்சுவதில்லை. இது அவள் காதில் விழாமல் சொல்லவேண்டிய சங்கதி. அதனால் முதல் டிரிப் ஓட்டி முடித்துவிட்டு டிப்போ ஓய்வறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர் பெஞ்சில் நம் கண்டக்டர் டிக்கெட் பையைத் தலைக்கு வைத்துக் குறட்டை விடுகிறார். கையெழுத்து கோணலாக இருந்தால் மேசையின் கால் ஆடுவதுதான் காரணம், அப்பாவுக்குக் கை நடுங்குகிறது என்று நீயாக ஒரு கவலையை இழுத்துப் போட்டுக்கொள்ளாதே.

முதலில் டப்பா விஷயம். நீ விட்டுவிட்டுப் போன அந்தக் கட்டைவிரல் அளவு டிஏசி ஒருவழியாக மண்டையைப் போட்டுவிட்டது. லேப்டாப்பில் வெறும் எண்களாகக் கிடக்கிற பாட்டைக் காதுக்குப் புரிகிற சத்தமாக மாற்றுவதே அதுதான் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீதான், லேப்டாப்பின் சொந்த ஹெட்போன் துளை எப்போதோ கெட்டுவிட்டதால், அது போன பிறகு எண்கள் எண்களாகவே கிடந்தன. கொஞ்ச நாளாகவே வலது காதில் கரகரப்பு, வயரைத் திருகினால் வரும், தும்மினால் போய்விடும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கூடப் பார்த்தேன். அன்றைக்கு அம்மா குளிக்கப் போயிருந்தபோது போனில் இதைச் சொன்னேன் அல்லவா, அதற்கு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ. என்னோட பெரிய ஹெட்போன எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டு நல்லதா ஒரு டிஏசி வாங்கிக்கோங்கப்பா, இந்த லீவுக்கும் நான் வரல, எனக்கு இனிமே அது எதுக்கு என்றாய். புது வேலையில் சேர்ந்த கையோடு லீவு கேட்க முடியாது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த "இனிமே எதுக்கு" மட்டும் எனக்குள் இறங்கவே இல்லை. பஸ்ஸைத் திருப்பும்போதும் அதுதான், டீ குடிக்கும்போதும் அதுதான். நீ சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பாய். எனக்குத்தான் சாதாரணமாக இல்லை.

நீ சொன்னபடியே ஹெட்போனைப் பையில் போட்டுக்கொண்டு சவுண்டு கடைக்குப் போனேன். நம் டெசிபல் அண்ணன்தான் இருந்தார், இன்னும் அதே சுழல் நாற்காலி, எதற்கெடுத்தாலும் அதே டெசிபல் கணக்கு. உன் ஹெட்போனைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மெத்தை மட்டும் உரிந்திருக்கிறது, மற்றபடி தங்கம் என்றார். பிறகு கறுப்பாக, முகப்பில் சின்னத் திரையுடன் ஒரு டிஏசியை எடுத்து வைத்து, என் காதில் அவருடைய ஹெட்போனை மாட்டிவிட்டார். உள்ளதைச் சொல்கிறேன், அப்படி ஒரு தெளிவை நான் கேட்டதில்லை. பாடுகிறவர் அடுத்த வரிக்கு மூச்சை இழுப்பது வரை கேட்டது. ஆனால் அதில் ஹெட்போன் மாட்ட ஒரே ஒரு துளைதான். பக்கத்து அலமாரியில் இன்னொன்று, பார்வைக்குச் சோப்பு டப்பா மாதிரி, அதில் இரண்டு துளை. இதையே கொடுங்கள் என்றேன். அவருக்கு ஆறவே இல்லை. ஒரு ஓட்டை கூட இருக்குங்கிறதுக்காகவா அண்ணே இந்தச் சத்தத்த விடுறீங்க, பாவம்ணே அது என்று என் தலையைத் தின்றுவிட்டார். நான் ஒற்றைக் காலில் நின்றேன். எம் பொண்ணு வந்தா எங்க உட்காருவா என்றேன். எப்ப வர்றா என்று கேட்டார். இந்த லீவுக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, சோப்பு டப்பாவையும் உன் ஹெட்போனையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது வீட்டில் அலமாரிக்குப் பக்கத்தில் நம் இரண்டு நாற்காலிகள், நடுவில் ஸ்டூல், அதன் மேல் டப்பா. ஒரு துளையில் என்னுடையது, இன்னொன்றில் உன்னுடையது. யாரும் கேட்காவிட்டாலும் உன்னுடையதை மாட்டித்தான் வைக்கிறேன், ஏனென்றால் இரண்டும் மாட்டினால் சத்தம் ஒரு பிடி குறைகிறது. இரண்டாகப் பிரிகிற வயரைப் போட்டு நாம் கேட்ட காலத்திலும் அப்படித்தான் குறையும், என் காது அதற்கே பழகிவிட்டது. ஒன்று மட்டும் மாட்டினால் கணீரென்று வருகிறது, நன்றாகத்தான் வருகிறது, எனக்குத்தான் பிடிப்பதில்லை. அம்மா கிண்டல் செய்கிறாள். நானும் ரிட்டயர் ஆயாச்சு, பகல்ல தூங்குறவங்க யாருமே இல்ல, பெரிய ஸ்பீக்கர் ஒண்ணு வாங்கி வீடு அதிரப் போடவேண்டியதுதானே, இன்னும் எதுக்குத் திருடங்க மாதிரி என்கிறாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அவள் அத்தனை வருஷம் நைட் டூட்டி பார்த்ததால்தானே நாம் ஹெட்போனுக்கே போனோம். நான் மதியம் வண்டியை விட்டுவிட்டு உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவேன், உள்ளறையில் அம்மா தூங்குவாள், காலிங் பெல்லின் வயரைக் கழற்றி வைத்திருப்போம், தட்டைக்கூடத் துணி விரித்து அதன் மேல்தான் வைப்போம்.

நான் சொல்லவந்தது இனிமேல்தான் வருகிறது. போன ஞாயிறு மதியம் நான் கேட்டுக்கொண்டிருந்தபோது அம்மா துணி மடித்துக்கொண்டே வந்தாள். உட்கார இடம் வேண்டி உன் நாற்காலியில் இருந்த ஹெட்போனைக் கையில் எடுத்தவள், என்ன தோன்றியதோ, காதில் மாட்டிக்கொண்டாள். அவள் ஹெட்போன் மாட்டி நான் பார்த்ததே இல்லை. மாட்டியதும், நல்லாத்தாங்க இருக்கு என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள். கரண்டி கீழே விழுந்தால் நம்மை உண்டு இல்லை என்று ஆக்கினவள் போட்ட சத்தம் அது. சிரிப்பை அடக்க முடியாமல் நான் பக்கத்து ஜன்னலைச் சாத்தினேன். அப்புறம் அவள் பாட்டை மட்டும் கேட்டாள், மடித்த துணி மடியிலேயே இருந்தது. பாட்டு முடிந்ததும் கழற்றி, அவ இந்தப் பக்கமா உட்காருவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உட்கார்ந்து என்ன பண்ணுவா என்றாள். என் முழங்காலில் தாளம் போடுவாள், சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வாள், பாட்டு பிடித்துவிட்டால் கூடவே பாடுவாள், உதடு மட்டும் அசையும், சத்தம் வராது என்றேன். ஏன் சத்தம் வராது என்றாள். நீ தூங்கினாயே என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. அம்மா அழவில்லை, அவள் அழுகிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் துணியையே தடவிக்கொண்டிருந்துவிட்டு, அவ பாடினா குரல் எப்படிங்க இருக்கும் என்று கேட்டாள். நானும் கேட்டதில்லை. அத்தனை வருஷம் உன் உதட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், குரலைக் கேட்டதில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. கழற்றி வைத்த ஹெட்போனின் உரிந்த மெத்தையிலிருந்து கறுப்புத் தூள் அவள் காதிலும் கழுத்திலும் ஒட்டியிருந்தது. கண்ணாடியில் பார்த்து ஏதோ தோல் வியாதி என்று பயந்து டெட்டால் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் காதைச் சிவக்க வைத்துக்கொண்டாள், ஊருக்கெல்லாம் வைத்தியம் பார்த்த நர்ஸ். மறுநாளே புது மெத்தை வாங்கி மாட்டிவிட்டேன். இப்போது தினமும் மதியம் சாப்பிட்டதும் உன் நாற்காலியில் வந்து உட்காருகிறாள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது நீ எதை விரும்பிக் கேட்டாய், மழை வந்தால் எதைப் போடச் சொல்வாய் என்று கேட்டுக் கேட்டு அதையே போடச் சொல்கிறாள். பாட்டைக் கேட்கிறாளா உன்னைத் தேடுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ரிட்டயர் ஆகும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான், இனிமே அவ வந்தா பகல்ல நான் முழிச்சிருப்பேன் என்றாள். லீவுக்கு நீ வரவில்லை என்று இன்னும் நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. வேலை முக்கியம், மேலதிகாரியிடம் எடுத்தெறிந்து பேசாதே, லீவை மரியாதையாகக் கேள். ஒரு வாரம் கிடைத்தால் ஒரு வாரம், அதுவும் இல்லையென்றால் இரண்டு நாள். எப்படியும் உன்னைப் பார்க்கவேண்டும் போல் இருக்கிறது, எனக்கும்தான், அம்மாவுக்கு மட்டும் என்று பொய் சொல்லமாட்டேன். துளை இரண்டுதானே, மூன்று பேர் எப்படி என்று யோசிக்காதே. நீயும் அம்மாவும் உட்காருங்கள். நான் உள்ளே சமையல் வேலையைப் பார்த்துக்கொள்கிறேன், பாத்திரம் உருளாமல் வேலை செய்வதில் எனக்கு வருஷக்கணக்கில் பழக்கம்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொள், உன் காது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். வருகிற நாளை அம்மாவிடம் நீயே சொல், ஸ்பீக்கரில்தான் இருக்கும், நானும் கேட்டுக்கொள்கிறேன். வந்ததும் ஒரு பாட்டைச் சத்தமாகப் பாடு கண்ணு. இந்த வீட்டில் இப்போது பகலில் யாரும் தூங்குவதில்லை.

உன்னையே நினைத்திருக்கும்
அப்பா