தானே நடந்து வெளியேறியவளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நாங்கள் இங்கே நலம். உன் நலம் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்பதை நீ அம்மாவுக்கு அனுப்பிய ஸ்கேனில் பார்த்துவிட்டேன். முழங்கால் சில்லு இரண்டாம் தடவையாக விலகி, அதை உள்பக்கம் பிடித்திருக்கும் தசைநாரும் கிழிந்திருக்கிறது. அந்தக் காலோடு நீ நடந்தாயாம். விழுந்தவள் ஸ்ட்ரெச்சரில் போகக் கூடாது, தானே நடந்து வெளியேறினால் அரங்கமே கைதட்டும், அதுதான் உங்கள் கைப்பந்து அணியின் வழக்கமாம். உங்கள் கோச் விலகிய சில்லைக் கையால் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு, "எழுந்திரும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றாராம். கைதட்டியவர்களில் ஒருத்தராவது மறுநாள் உன்னைக் குளியலறைவரை தாங்கிப் போனாரா?

அந்த மனுஷன் எனக்கே போன் செய்தார். "முட்டியில டேப் சுத்திக்கிட்டு இறங்கட்டும் சார், ஃபைனல் ஒண்ணுதானே, அப்புறம் எவ்வளவு வேணா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார். முதல் தடவையும் இதையேதான் சொன்னார், நான் மறக்கவில்லை. உன் பெரியப்பா அதற்கும் ஒத்து ஊதுகிறார். கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுக்கவே முனகுகிறவர், "வலியைத் தாங்கறவன்தான்டா வீரன்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். உன் அம்மாதான், "ஊர்ல எல்லாரோடயும் சண்டை போட்டாச்சு, பொண்ணுக்கு நாலு வரி எழுத மட்டும் கை வரலையா?" என்று காகிதத்தை என் முன்னால் வைத்தாள்.

ஸ்கேனை நம் தெருக்கோடி பிசியோவிடம் காட்டினேன். அந்தப் பெண் பூசி மெழுகவில்லை. டேப் சில்லைக் கொஞ்சம் பிடிக்கும், கிழிந்த தசைநாரைத் தைக்காது. இன்னொரு தடவை விலகினால் குருத்தெலும்பு பெயர்ந்து, ஆட்டத்தோடு மாடிப்படி ஏறுவதும் போய்விடலாம் என்றாள். அறுவை சிகிச்சை வேண்டுமா என்பதை உன் எலும்பு மருத்துவர் சொல்லட்டும், கோச் சொல்ல வேண்டாம். எப்படியானாலும் தொடைக்கும் இடுப்புக்குமான பயிற்சியை விடாமல் செய். சலிப்பான வேலைதான், யாரும் விசில் அடிக்க மாட்டார்கள். அடிபட்ட கால் நல்ல காலின் பலத்துக்கு வரட்டும், ஒற்றைக் காலில் குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே சாயாமல் நிற்கட்டும், அப்புறம் களத்துக்குப் போ. ஃபைனலுக்கு வரமாட்டேன் என்று இது கைக்கு வந்த அன்றே சொல்லிவிடு. அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று பயப்படுகிறாயாம். தூக்கட்டும். ஒரு கோப்பைக்காக ஒரு காலைக் கொடுக்க உன்னை நாங்கள் வளர்க்கவில்லை.

நீ இன்னும் பல வருஷம் குதித்து ஆட வேண்டும், அதுதான் என் ஆசி. மருத்துவர் சொல்லாமல் முட்டிப் பட்டையைக் கழற்றாதே. கீழே 'உன் அப்பா' என்று எழுதப் போனேன். எழுதினால் இது உத்தரவாகிவிடும். உன் கோச்சும் உத்தரவுதான் போடுகிறார். முட்டி உன்னுடையது, மாட்டேன் என்கிற சொல்லும் உன்னுடையதாகவே இருக்கட்டும். கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.